வீட்டு வண்டிக்குக் கேம் ஷாஃப்ட்

ஜனவரி 8, திங்கள்

பனி. எதிரே வரும் சைக்கிள் தெரியவில்லை. காதர் பாய் கரந்தைப் பட்டறையை எட்டரைக்குத்தான் திறந்தார். அதுவரை டீ இரண்டு.

எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கிறார். கேம் ஷாஃப்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். வால்வுகளைத் தள்ளித் திறப்பதற்கு அதில் வரிசையாக மேடுகள். ஒவ்வொன்றும் முட்டையின் கூர்முனை போல் இருக்க வேண்டுமாம். ஐந்து மேடுகள் தேய்ந்து எலுமிச்சம்பழம் போல் உருண்டை. வால்வு பாதிதான் திறந்திருக்கும். வண்டி எப்படி இழுக்கும்?

பாய் சொன்னது: எஞ்சின் ஆயில் தண்ணீராக ஊற்றுகிறது, வழவழப்பே இல்லை, பெட்ரோலில் யாரோ எதையோ கலந்து ஓட்டியிருக்கிறார்கள். தெரியாதவன் போல ஷாஃப்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல நடிகன் நான்.

வாங்க வேண்டியவை: கேம் ஷாஃப்ட், டேப்பெட் முழு செட் (மேடுகள் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் துண்டுகள்; பழைய டேப்பெட் போட்டால் புது ஷாஃப்டையும் தின்றுவிடுமாம்), கார்புரேட்டர், கேஸ்கெட். அண்ணிக்குக் கொத்தவரங்காய், ரின் சோப்பு. சோப்பு மறந்துவிட்டேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கலந்தது டிரைவர் கலியமூர்த்தி இல்லை. நான்.

ஜனவரி 9, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. நேற்று பாதியில் நிறுத்தியதை முடிக்கிறேன்.

வண்டி அந்தோணி அண்ணனுடையது. குவைத்திலிருந்து முதல் தடவை லீவில் வந்தபோது மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பெட்ரோல் லாரி. பின்னால் மரக்கூடு கட்டி, ஆறு படுக்கை, ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி, கொசுவலை. தெருவில் பெயரே வீட்டு வண்டி. நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிற ரிட்டயர்டு ஆட்கள் மூன்று நாளுக்கு எடுப்பார்கள். வேதக்காரன் வண்டியில் ஏறிச் சனீஸ்வரனைப் பார்க்கப் போகிறோம் என்று சிரிப்பார்கள். ஓட்டியது ஆறு வருடமும் கலியமூர்த்திதான் (இனி க.மூ.). பார்ட்டி பிடிப்பது, பெட்ரோல் போடுவது என் வேலை.

சிங்கப்பூருக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவனுக்கு அண்ணனுக்குத் தெரியாமல் பணம் கட்ட ஆசைப்பட்டேன். அண்ணனிடம் கை நீட்டியே காலம் போகிறதே என்ற ரோஷம். தெருவில் சிலருடைய ரேஷன் கார்டுக்கு மண்ணெண்ணெய் வாங்கி டேங்கில் ஊற்றினேன். மிச்சமான பெட்ரோல் காசு ஏஜென்டுக்கு. க.மூ. வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டார். "வேணாம் தம்பி, வண்டி தாங்காது" என்று நாலைந்து தடவை சொன்னார். காட்டிக்கொடுக்கவில்லை.

நவம்பரில் ஆலங்குடி போகும் வழியில் வண்டி நின்றது. கட்டி இழுத்து ரயிலடி வேன் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தோம். அண்ணி வந்து டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். வாடை குப்பென்று வந்தது. டிரைவர்கள் பத்துப் பேர் இருக்க, பெட்ரோலைத் திருடி விற்றாயா என்று க.மூ.வைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். ஒரு மூடியைத் திருக எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம்தான்.

க.மூ.வுக்கு அன்றோடு வேலை போயிற்று. ஏஜென்ட் டிசம்பரில் ஆபீசைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 10, புதன்

வெயில் வந்தது. கேம் ஷாஃப்டுக்கு பாய் சொன்ன மூன்று வழி:

1. பழையதிலேயே வெல்டிங் ஏற்றித் திருச்சி லேத்தில் கடைவது. உடனே ஆகும். ஆறு மாதம் தாங்கினால் அதிகம்.

2. இதே எஞ்சினை வேக வேன்களுக்குப் போட்டபோது செய்த ஷாஃப்ட். மேடு உயரம். ரோட்டில் பறக்கும். மெதுவாகப் போகும்போது இழுவை இருக்காது.

3. சென்னையில் பழைய மிலிட்டரி சாமான் விற்கிறவரிடம் ஒரிஜினல். கிரீஸ் காகிதம்கூடப் பிரிக்காதது. லாரி பார்சலில் வர இரண்டு நாள்.

கார்புரேட்டரில் இரண்டு. பழையது போல ஒற்றைத் தொண்டை, அதாவது காற்றும் பெட்ரோலும் இறங்க ஒரே குழாய். அல்லது இரட்டைத் தொண்டை, வெளிநாட்டுச் சரக்கு. இப்போதுதான் எல்லாம் கடையில் வந்து குவிகிறதே.

என் ஓட்டு இரண்டாவது ஷாஃப்டுக்கும் இரட்டைத் தொண்டைக்கும். அண்ணன் 20ஆம் தேதி லீவில் வருகிறார். ஏறி மிதித்ததும் வண்டி சீறினால் பழசெல்லாம் மறந்துபோகும் என்று ஒரு கணக்கு. பாய் கேட்டுவிட்டு, ஷாஃப்டும் கார்புரேட்டரும் ஜோடி, தனித்தனியாக ஆசைப்படக் கூடாது என்றார். வண்டிக்கு என்ன வேலை என்று பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டுமாம்.

ஜனவரி 12, வெள்ளி

எஸ்.டி.டி. பூத்தில் அண்ணன் போன். லைனில் இரைச்சல்.

அவருடைய முதலாளி வீட்டுக்கு டிரைவர் விசா ஒன்று. ஒரு வருடமாக க.மூ.வுக்கென்று சொல்லி வைத்திருந்தது. க.மூ. அதற்காகத்தான் பாஸ்போர்ட்டே எடுத்தார்.

"அந்தத் திருட்டுப் பயலுக்கு வச்சிருந்தேன். இனிமே எதுக்கு? நீயும்தான் லைசென்ஸ் வச்சிருக்கியே. பேப்பர் கொண்டாறேன், ஒம் பேரப் போட்டு அனுப்பிடுவோம்" என்றார்.

சரிண்ணே என்றேன்.

வெளியே வந்தபோது சந்தோஷமாக இருந்தது. எழுதித்தான் ஆக வேண்டும். கடைத்தெரு முழுக்கக் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, நான் குவைத்தில் கார் ஓட்டுகிற மாதிரி நடந்து வந்தேன். பெரிய கோயில் தாண்டிய பிறகுதான் க.மூ. எடுத்த பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது.

ஜனவரி 13, சனி

காதர் பாய் கார்புரேட்டரைக் கழற்றினார். கிண்ணத்தின் அடியில் பிசின் போலப் படிவு. ஓரமெல்லாம் நீலம்.

ரேஷன் மண்ணெண்ணெய்க்குத்தான் இந்த நீலச் சாயம் என்றார். என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இனிமே எதுல ஓடும்னு சொல்லு தம்பி. அதுக்கேத்த ஓட்டையா பாத்துத்தான் ஜெட் போடணும்."

பெட்ரோல்தான் பாய் என்றேன். காது சுட்டது.

தெரிந்துகொண்டார். அதிராம்பட்டினத்துக்காரர், வாயைக் கிளறமாட்டார். எந்த கியரில் எங்கே திணறும் என்று ஓட்டியவருக்குத்தான் தெரியும், க.மூ.விடம் கேட்டுவந்தால்தான் ஷாஃப்டை முடிவு செய்வேன் என்றார். அவர்தான் வேலையில் இல்லையே பாய் என்றேன். வேலையில் இல்லாவிட்டால் வாயுமா இல்லை என்று கேட்டார்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. தெருவெல்லாம் டயர்ப் புகை. பூசைக்கு முன்னால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். எதைப் பற்றி, யாரை என்று சாமி கேட்கவில்லை. எனக்குப் பின்னால் இருபது பேர். மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் கூசுகிறது.

பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி திரும்பிப் பார்த்தார். வயிறு சரியில்லை என்றேன். இன்னொன்று.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். சாலியமங்கலம் பஸ். இரண்டு பக்கமும் சம்பா பழுத்துச் சாய்ந்திருக்கிறது. மாட்டுக் கொம்பெல்லாம் சிவப்பு, பச்சை.

க.மூ. இப்போது அரவை மில்லில் மூட்டை இறக்குகிறார். ஐம்பது வயதில். வேறு யாரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. தோளில் சாக்கு உராய்ந்த காய்ப்பு. "வாங்க தம்பி" என்று கோரைப்பாயை விரித்தார். அவர் மனைவி இலையில் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார்.

வண்டியைப் பற்றிக் கேட்க வந்ததாகச் சொன்னேன். அது மட்டும்தான் வாயில் வந்தது. அவர் முகம் எப்படியோ ஆகி, பிறகு சரியானது. சொல்ல ஆரம்பித்தார். வேகமே வேண்டாம். வண்டி நாற்பதைத் தாண்டினால் பின்னால் படுத்திருக்கும் பெரியவர்கள் உருண்டுவிடுவார்கள். வாய்க்கால் கரையில் எதிரே நெல் வண்டி வந்தால் இரண்டாவது கியரில் ஊர வேண்டும். ஆற்றுப் பாலம் ஏறும்போது தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் மூச்சு வாங்கும். கீழ் இழுவைதான் முக்கியம். ஒரிஜினல் ஷாஃப்ட், ஒற்றைத் தொண்டை, அது போதும். இரட்டைத் தொண்டை போட்டால் ஊர்ந்து போகையில் இரைக்கும், பெட்ரோலையும் குடிக்கும். புது ஷாஃப்ட் போட்டதும் முதல் இருபது நிமிஷம் ஐடிலில் விடாதீங்க, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தே வையுங்க என்று இரண்டு தடவை சொன்னார்.

மகனுக்கு உடம்பு சரியில்லாதபோது டாக்டரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். நான் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டேன்.

பஸ் வரை கூட வந்தார். விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரி 19, வெள்ளி

பார்சல் நேற்று வந்தது. ஷாஃப்ட் நம்பர் 3, ஒற்றைத் தொண்டை கார்புரேட்டர், புது டேப்பெட். க.மூ. சொன்னது அத்தனையும் சரி என்றார் பாய்.

ஜும்மாவுக்குப் போகும் முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார். இரண்டாவது கிராங்கில் பிடித்தது. இருபது நிமிஷம் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துவிட்டது. வண்டி சரியாகிவிட்டது. மனிதர்தான் பாக்கி.

ஜனவரி 20, சனி

அண்ணன் வந்தார். இரண்டு பெட்டி, டேப் ரிக்கார்டர், போர்வை, எனக்கு வாட்ச். முடி நன்றாக நரைத்துவிட்டது. விசா பாரத்தை பீரோவில் வைத்தார். பெயர் எழுதும் இடம் காலி. திங்களன்று நிரப்பி அனுப்ப வேண்டுமாம்.

வாட்சைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டினேன்.

ஜனவரி 21, ஞாயிறு

மாதாவுக்கு நேர்ந்துகொண்டதற்காக வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். அண்ணன் ஓட்ட, நடுவில் அண்ணி, ஓரத்தில் நான். வெண்ணாற்றுப் பாலத்தில் வண்டி இரண்டாவது கியரில் சத்தமில்லாமல் ஏறியது. "அடேங்கப்பா" என்றார் அண்ணன். யார் ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார்.

கலியமூர்த்தி என்றேன். அதோடு மீதியும் வந்துவிட்டது. மண்ணெண்ணெய், ரேஷன் கார்டு, ஏஜென்ட், எல்லாம். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"அவன் ஏண்டா அன்னிக்கே சொல்லல?"

"நான் சொல்லுவேன்னு பாத்தாருண்ணே."

அண்ணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "பத்துப் பேரு முன்னால நான்ல கேட்டேன் தம்பி. என் வாயால கேக்க வச்சுட்டீங்களே" என்றார்.

அண்ணன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்தோம். வாட்சைக் கழற்றி பீரோ மேல் வைத்துவிட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

மூன்று பேரும் சாலியமங்கலம். அண்ணி க.மூ.விடம் மன்னிப்புக் கேட்டார். அவர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். அவர் உட்கார்ந்த பிறகு நானும் கேட்டேன். அதற்கு எழுந்திருக்கவில்லை.

அண்ணன் விசா பாரத்தை நீட்டி, உன் பெயரை எழுதப்போகிறேன், பாஸ்போர்ட்டை எடு, இன்னும் இரண்டு நாள் டைம் வாங்குகிறேன் என்றார். க.மூ. பாரத்தைத் தொடவில்லை.

"குவைத்து இருக்கட்டும் மொதலாளி. எங்க வீட்டு வாசல்ல வந்து சொல்லி என்ன ஆவப்போவுது? அங்க பத்துப் பேரு இருந்தாங்க. திருடன்னு பேரோட பிளேன் ஏறினா, ஓடிப்போனான்னுல்ல சொல்லுவாங்க. தம்பி ஸ்டாண்டுல சொல்லட்டும். அவங்க வந்து எங்கிட்ட, தெரிஞ்சுதுப்பான்னு சொல்லட்டும். அப்பறம் பாஸ்போர்ட் எடுக்கறேன்."

உள்ளே அவர் மனைவி அழும் சத்தம். அவர் அசையவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. இருந்தால் தேவலாம் என்று இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டாண்டுக்குப் போகவில்லை. கோழை.

ஜனவரி 24, புதன்

காலை ஏழு மணி. மேகம். ரயிலடி வேன் ஸ்டாண்டு. அன்றைக்கு இருந்தவர்களில் எட்டுப் பேர் இருந்தார்கள். டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நின்று சொன்னேன். மண்ணெண்ணெய் கலந்தது நான், கலியமூர்த்திக்கு அதில் சம்பந்தமே இல்லை, தடுத்தவரே அவர்தான். முதல் தடவை பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன்.

பிறகு ஒருவர் சிரித்தார். "அண்ணன் வந்திருக்காரு, வண்டி ஓட்ட ஆளு இல்ல, கலியன் வேணும். அதான தம்பி?"

இல்லை, சத்தியமாக நான்தான் என்றேன். எந்த ரேஷன் கடை, எந்தக் கிழமை, எந்த கேன் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இளகியது. சந்தேகம் தீர்ந்து இளகவில்லை. என் மேல் இரக்கம்.

வயதான டிரைவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "இந்தக் காலத்துல யாருய்யா இப்படி இருக்கா? ஒரு டிரைவரக் காப்பாத்த, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குது பாரு, நல்ல குடும்பத்துப் புள்ள" என்று மற்றவர்களிடம் சொன்னார். ஆமாம் ஆமாம் என்றார்கள். கலியன் செய்தது செய்ததுதான் என்றும் ஒருவர் சொன்னார்.

அண்ணன் வாங்கிய டைம் இன்று மாலையோடு முடிகிறது. பாரத்தில் இடம் காலி.

எனக்கு டீ சொன்னார்கள். உட்கார பெஞ்சில் இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன். குடித்தேன்.