முன்னறிவிப்பில்லாத சோதனை

என்னவனுக்கு,

இல்லை, உன்னைச் சந்தேகப்பட்டுப் போன வாரம் திடீரென்று வீட்டுக்கு வரவில்லை. அணு ஆயுதப் பரவல் தடுப்பை இந்த வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்தி நடத்தி, அணு உலைச் சோதனையாளர்களைப் போலச் சொல்லாமல் போய் நிற்பது பழக்கமாகிவிட்டது.

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியே, இதென்ன அணு உலையா?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டே என் துணி அலமாரியைத் திறந்தேன். உள்ளே மகளின் வண்ணப் பென்சில்களும் காகிதங்களும் இருந்தன.

"அம்மா, நீ ஓட்டல்லதானே தங்குவ?" என்றாள் அவள். நீ அவசரமாகப் பால் காய்ச்சப் போனாய்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. ஒரு நாடு தன்னிடம் இருக்கும் அணுப்பொருட்களை முதலில் தானே அறிவிக்க வேண்டும். அதன் பிறகுதான் சோதனை. நான் எதையும் அறிவிக்காமலே நம் வீட்டைச் சோதித்தேன்.

இப்போது அறிவிக்கிறேன். வெளிநாட்டில், அணுசக்திக் கண்காணிப்பு நிறுவனத்தில், மூன்று வருட வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ஆசையாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன், வாய் வரவில்லை.

பதில் சொல்ல இன்று கடைசி நாள். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவர்களுக்குப் போன் செய்தேன். வீட்டில் இன்னும் பேசவில்லை, ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டேன்.

உன்
ஊர்சுற்றி