சின்னவனோடு பேசாத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு கிழமைக்குள் வயிறு இப்படி ஊதிவிட்டது. மூச்சு முட்டுகிறது. "இரட்டையல்லோ, அப்பிடித்தான் இருக்கும்" என்று பெற்றிசியா மச்சாள் சொன்னதை நம்பியிருந்தேன். இன்று மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸ்கான் பார்த்தார். இருவருக்கும் ஒரே நச்சுக்கொடியாம். அதன் வழியே, உருவில் சின்னவனின் இரத்தம் பெரியவனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பெரியவனைச் சுற்றி அளவுக்கு மிஞ்சிய தண்ணீர். சின்னவனுக்குத் துளியும் இல்லை. ஓர் ஓரத்தில் ஒட்டிப்போய்க் கிடக்கிறான்.

"நாளைக்கே கொழும்புக்குப் போங்கோ. பிந்தக்கூடாது."

இப்போதுதான் இருபது கிழமை, ஐந்து மாதம்கூட நிறையவில்லை.

மார்ச் 6, கொழும்பு

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் பிறின்சி தமிழில் சொன்னா. வயிற்றில் சிறு துளையிட்டு, கமெரா பூட்டிய மெல்லிய குழாயை உள்ளே விட்டு, இருவரையும் இணைக்கும் இரத்தக்குழாய்களை லேசரால் சுட்டு அடைப்பார்களாம்.

"செய்யாட்டி ரெண்டு பேரும் போயிடுவினம். செய்தா ரெண்டும் தப்பலாம், ஒண்டு தப்பலாம், ஒண்டுமே தப்பாமலும் போகலாம். சின்னவர் தாங்கிறது கஷ்டமாம்."

"பெரியவனையாவது காப்பாத்துவம்" என்றார் என் கணவர் றொஷான்.

"'யாவது' எண்டு சொல்லாதேங்கோ!" கத்திவிட்டேன். வார்ட்டே திரும்பிப் பார்த்தது. பிறகு கையொப்பம் வைத்தேன்.

அதே நாள், பின்னேரம்

நாளைக் காலை லேசர். பெரியவன் உதைக்கிறான். கை வைத்துப் பேசினேன் — பயப்படாதே மகன், தாங்கிக்கொள் என்று. சின்னவனோடு பேசவில்லை. பேசினால் பிறகு விடமுடியாது. அவரைப் பார்த்துக் கத்தினேனே, நான் செய்வது மட்டும் என்ன?

மார்ச் 7

விறைக்க ஊசி போட்டார்கள். நினைவு இருந்தது. திரையில் ஒரு கை தெரிந்தது. ஐந்து விரல்கள். யாருடைய கை என்று தெரியவில்லை.

மார்ச் 8

இன்றைய ஸ்கானில் ஓர் இதயம்தான் துடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன் — பெரியவன், பெரியவன். பிறின்சி கையைப் பிடித்தா.

"சின்னவர் இருக்கிறார், தங்கச்சி."

சின்னவனா?

ஐயோ, அவனை நான் ஒருக்காக்கூடக் கூப்பிடேல்லையே. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு ஓரத்தில கிடந்திருப்பானே.

மார்ச் 19

பள்ளிமுனை வீட்டுக்கு வந்துவிட்டோம். இறந்தவனும் இருப்பவனுமாய் இருவரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை, நடக்க வேண்டாம் என்றிருக்கிறார்கள். சின்னவனைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்திருக்கிறதாம். நாள் முழுக்க அவனோடு பேசினேன். மன்னிப்பும் கேட்டேன். அசைந்தான். அது பதிலா, பசியா — யாருக்குத் தெரியும்?

ஜூன் 6

முப்பத்து மூன்றாம் கிழமை. இருவரும் பிறந்தார்கள். ஒருவன் அழுதான்.

ஜூலை 10

இன்று மருத்துவமாது வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தா. இரண்டு கிலோ எண்ணூறு. அட்டையை நிரப்பும்போது, "தலைப்பிள்ளைதானே?" என்று கேட்டா.

நான் வாய் திறக்கும் முன் றொஷான் சொன்னார்.

"ரெண்டாவது, மிஸ். மூத்தவர் சவக்காலையில இருக்கிறார்."

அவ அட்டையில் எழுதினா. சின்னவன் பசியில் வீரிட்டான். தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.