மழையில் மடக்கிய காரின் கூரை

காலை மழை விட்டதும் காரின் துணிக்கூரையை வெயிலில் காயவைத்தேன். ஈரத்துணியின் புழுங்கல் வாடை குப்பென்று அடித்தது. நீ இருந்திருந்தால், "என் சக்களத்தியக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டிருப்பாய். நீ போய் இரண்டு மாதமாகிறது. வீட்டில் என்னைக் கேலி செய்ய ஆளில்லை.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்த வருடம், சீமைக்குக் கப்பலேறிய பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை வந்த விலைக்குத் தள்ளிவிட்ட பழைய கார் இது. நம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு வாங்கத் துணிவிருந்தது, ஓட்டத்தான் இல்லை. நம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும், குடை பிடித்தவன் மடக்க வேண்டும். காரில் போனால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை நம்மவர் எவரும் அங்கே கார் வைத்திருந்ததில்லை.

முதல் ஞாயிறு தம்பின் பட்டணத்துப் பசாரிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. எதிரே துரையின் கார் வந்தது. பின்சீட்டில் நம்மோடு வந்த கங்காணி பதறிப்போனார்.

"எறங்குங்க கிராணி ஐயா! கொடைய மடக்குறோம்ல, இந்தக் கூரையையும் மடக்கணும் லா!"

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது, வெட்கக்கேடு! இருவரும் இறங்கிக் கூரையை மடக்கிவிட்டுக் கைகட்டி நின்றோம். நீ மடியில் காய்கறிக் கூடையோடு தொப்பலாக நனைந்தாய். துரை திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

வீட்டில் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "நனைஞ்சது காஞ்சிரும். நீங்க எறங்கி நின்னதத்தாங்க என்னால பாக்க முடியல."

அடுத்த வாரமும் துரை எதிரே வந்தார். என் கை கதவுக்குப் போனது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "உக்காருங்க." உட்கார்ந்தேன். இந்த முறை துரை நன்றாகவே பார்த்தார்.

மறுநாள் ஆபீசில் அழைத்து, காரை விற்றுவிடு, இல்லையென்றால் வேலையை விடு என்றார். விற்றுவிடலாம் என்ற முடிவோடுதான் வீட்டுக்கு வந்தேன். நீ அதைக் காதில் வாங்கவே இல்லை. கூரையை மடக்கிவிட்டு, பாயையும் சட்டிபானையையும் பின்சீட்டில் மலைபோல் அடுக்கினாய். அம்மிக்கல்லைத் தூக்க என்னைத்தான் கூப்பிட்டாய்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழியாக, எல்லாரும் பார்க்கப் புறப்பட்டோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாதையோரம் நின்ற கங்காணி நம்மைக் கண்டதும் குடையை மடக்கினார். வண்டியை நிறுத்தச் சொன்னாய்.

"நமக்கெல்லாம் மடக்காதீங்கண்ணே. விரிச்சுப் புடிங்க, நனையுறீங்க."

அவர் விரித்துப் பிடிக்கும்வரை நீ கிளம்ப விடவில்லை.

அன்று முதல் தம்பின் ரயிலடியில் வாடகைக்கு ஓட்டுகிறேன். சில நாள் சவாரி இருக்கும், சில நாள் இருக்காது. இனியாவது விற்றுவிட்டு ஊருக்குப் போ என்கிறார்கள். போகமாட்டேன். ஒரு பயந்தாங்கொள்ளியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தாய். போகும்போது, எவருக்கும் இறங்கி நிற்காத ஒருவனை விட்டுப் போயிருக்கிறாய்.