நம்பாததைப் பேசும் ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரணை அலுவலகத்தில் அன்று நான் சொல்லாமல் விட்டது இது: ‘எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் தாங்கள் நம்புவதைப் பேசுவதில்லை.’ இதைச் சொல்லியிருந்தால் அப்பா என்னோடு வீட்டுக்கு வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை. ஏன் என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இதைக் கொண்டுவருகிறவர் ஒரு கப்பல் சமையல்காரர். என்னிடம் கண் பரிசோதித்துக்கொண்டு கண்ணாடி வாங்கிப்போனவர். ‘எதற்கு’ என்று கேட்காமல் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு வாய் காபியாவது கொடு. பதிலைத் தபாலில் போடாதே. உன் போன மாதக் கடிதம் ஓரம் நன்றாக ஒட்டப்பட்டுத்தான் வந்தது, ஆனால் நீ ஒட்டுகிற பசை அப்படிக் காய்ந்து மஞ்சளாகாது.

நீ இங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை வாதத்துக்குச் சீட்டுப் போட்டு எடுப்போம். யாருக்கு எந்தக் கட்சி வருகிறதோ அதைப் பேச வேண்டும். நீ கல்யாணமாகிப் போன பிறகு அப்பா விதியை மாற்றிவிட்டார். சீட்டு கிடையாது. எதை நம்புகிறாயோ அதற்கு நேர்எதிரான கட்சியைத்தான் பேச வேண்டும். சொந்தக் கட்சியைப் பேசுவதற்கு மூளை வேண்டாம், தொண்டை இருந்தால் போதும் என்பார். நீதிபதிக்குச் சொந்தக் கருத்து கூடாது. அந்த வசதிக்காகவே நான் எப்போதும் நீதிபதி. உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

அந்த ஞாயிறு மழை. அன்றைய தலைப்பு தம்பி கொடுத்தது: விடுதலை தேவைதானா, விடுதலையோடு வந்த அரசாங்கம் வீட்டுக்குள் எதுவரை வரலாம். மாடியில் குடியிருப்பவர் (நீ அவரைப் பார்த்ததில்லை, பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர்) வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அம்மா உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். மழை விடவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

அப்பா அன்றைக்குப் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். இரண்டு தடவை சிறைக்குப் போய், முழங்காலை உடைத்துக்கொண்டு வந்த மனிதர், விடுதலையே வேண்டாத வேலை என்று சாதித்தார். “அந்நியன் இருந்தப்போ தபால் மறுநாளே வந்துடும். இப்ப ரெண்டு வாரம் ஆகுது. நடுவுல படிக்கிறவங்க எழுத்துக்கூட்டிப் படிக்கிறாங்க போல, பாவம்.” மாடி வீட்டுக்காரர் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அந்நியன் அடித்தால் ஊரே திட்டும், நம்மவன் அடித்தால் குடும்ப விஷயம் என்று ஊர் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு தம்பி எழுந்தான். செய்தித் துறையில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் அவன் வாயே திறப்பதில்லை. வானொலிக்கு அறிக்கை எழுதிவிட்டு வந்து கையை மட்டும் ரொம்ப நேரம் கழுவுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பழைய குட்டி வக்கீல். அரசாங்கத்துக்கு எல்லையே கூடாது என்று பேசினான். “வீட்டுக்குக் கதவு எதுக்கு? திருடனுக்காக. திருடனைப் பிடிக்க அரசாங்கம் இருக்கு. அப்போ அரசாங்கம் வரும்போது கதவைச் சாத்துறவன் யாரு?” அம்மா உள்ளேயிருந்து, சமையலறைக் கதவையாவது தனக்கு விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டாள். தீர்ப்பு தம்பிக்கு என்றேன். அப்பா மேசையைத் தட்டி, இவனை விட்டால் நாட்டையே விற்றுவிடுவான் என்று பெருமைப்பட்டார்.

மாடி வீட்டுக்காரர் போகும்போது, அப்பாவும் பிள்ளையும் இப்படி அடித்துக்கொள்கிறீர்களே, ஒரே பாத்திரத்திலிருந்துதான் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். வந்தவரிடம் விதியைச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அக்கா. நமக்கு அது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது போல. அதைப் போய் யாராவது விளக்குவார்களா?

அவர் கெட்டவர் இல்லை. டிப்போ கேன்டீனில் ஒரு நல்ல கதையாகத்தான் சொல்லியிருக்கிறார்: என் வீட்டுக்குக் கீழே ஒரு கிழவர், என்ன வாய், ஆனால் பிள்ளை, பெற்ற அப்பனையே மடக்கிவிட்டான், அரசாங்கம் என்றால் அப்படி ஒரு பற்று. பக்கத்து மேசையில் யாரோ காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

முதலில் வந்தது பரிசு. தம்பியைத் தலைநகரில் பயிற்சிக்கு அழைத்தார்கள். அவன் ரயில் ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அப்பாவை நம் மருந்துக்கடையிலிருந்து கூட்டிப்போனார்கள். இருமல் மருந்து வாங்க நின்ற பெண்ணுக்கு மீதிச் சில்லறை கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாராம். எந்தச் சட்டப்பிரிவு என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் சிரித்திருக்கிறார். இளவயதில் அந்நியர்கள் அவரை உள்ளே வைத்த அதே பிரிவு. எண்கூட மாறவில்லை.

மறுநாள் என்னை அழைத்தார்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, மூடிபோட்ட தண்ணீர்க் கூஜா. அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். அவர் பார்வையில் கோளாறு இருக்கிறது, காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார். தம்பியைப் பற்றியே முதலில் சொன்னார்: இப்படி ஒருத்தர் வீட்டுக்கு வீடு இருந்தால் போதும், அவர் பேசியதை எழுதி மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார். பிறகு கூஜாவை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்:

“உங்கப்பா சும்மா விளையாட்டுக்குப் பேசியிருக்கலாம். அப்படின்னா எழுதிக்கிறோம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். என்ன எழுதட்டும்?”

வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா நம்பாததைப் பேசினார் என்றால், அதே மேசையில், அதே விதியில், தம்பி மட்டும் நம்பியதையா பேசினான்? அரசாங்கத்துக்கு எல்லை கூடாது என்று அவ்வளவு அழகாகப் பேசியவன், அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்று நானே எழுதிக்கொடுத்தது போலாகும். அவன் இருப்பது அவர்கள் கட்டிடத்திலேயே. அந்த அதிகாரிக்கு இது முன்பே தோன்றியிருந்ததா, நான் எந்தக் கதவைத் திறக்கிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாரா, தெரியாது. பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.

“அப்பா நினைக்கிறதைத்தான் பேசுவார்” என்றேன்.

வெளியே நடையில் அப்பாவை நிறுத்தியிருந்தார்கள். பேச விடமாட்டார்கள் என்று நினைத்தேன், விட்டார்கள். என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். என் தலையில் கை வைத்தார். நம் வீட்டில் அவர் அப்படிச் செய்கிற வழக்கம் இல்லை. “நானும் அதையேதான்மா சொன்னேன். தீர்ப்பு சரி. அவனுக்குத் தெரிய வேண்டாம்” என்றார்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. அந்த ஞாயிறு, டம்ளர்களைக் கழுவும்போது அப்பா என் பக்கத்தில் வந்து நின்று, இன்றைக்கு நான் ஏமாற்றிவிட்டேன் என்றார். நம்பாததைப் பேச எழுந்தாராம், பாதியில் அது நம்பாததாக இல்லையாம். அதனால் நான் சொன்னது பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

நான் நீதிபதி நாற்காலியைவிட்டு இறங்கி ஒரு தடவை என் கருத்தைச் சொல்லிக்கொள்கிறேன். அந்நியர்கள் போனது சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எத்தனை புத்தகம் படித்தும் வந்ததில்லை. ஆனால் போகும்போது சாவிக்கொத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். சிறைச் சாவி, தபால் பைச் சாவி, நம் வீட்டுச் சாவி எல்லாம் அதில் இருந்தது. நம்மவர்கள் அதைக் கிணற்றில் போடுவார்கள் என்று அப்பா நினைத்தார். அவர்கள் இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். விடுதலை என்று நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பேர் சாப்பிடுகிற மேசையில் ஒருவன் தப்பாகப் பேச, விளையாட்டாகப் பேச, பேசிவிட்டு மாற்றிக்கொள்ள ஓர் இடம். அங்கே அரசாங்கத்துக்கு வேலை கிடையாது. அது நல்ல அரசாங்கமாக இருந்தாலும் கிடையாது.

தினமும் காலையில் அப்பாவின் சர்க்கரை மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டுச் சிறை வாசலில் கொடுக்கிறோம். முந்தைய நாள் டப்பா காலியாகத் திரும்பி வரும். அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாள். நேற்று மாத்திரைகள் அப்படியே வந்தன. கேட்டதற்கு, வாங்கி வைப்பது மட்டும்தான் தன் வேலை என்றான் வாசல் காவலன். அம்மா மாத்திரைகளை மடியில் கொட்டிக்கொண்டாள். இரண்டு தடவை எண்ணினாள்.

தம்பிக்கு வாராவாரம் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, கடையைக் கொஞ்ச நாள் மூடியிருக்கிறோம் என்று. நேற்று அவன் கடிதம் வந்தது. விடுதலை நாள் பொதுக்கூட்டத்தில் அவனைப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம், நாடு முழுக்க வானொலியில் வருமாம். தலைப்பையும் கொடுத்துவிட்டார்கள். கதவைப் பற்றி நீ வீட்டில் பேசியது போலவே பேசு என்றார்களாம். ‘நம் வீட்டுக் கூடத்தில் பேசியது இவர்கள் காதுக்கு எப்படிப் போனது?’ என்று கேட்டிருக்கிறான். என்ன பதில் எழுதுவது?

அக்கா, உன்னைக் கேட்பது இதுதான். அவன் உனக்கு எழுதினால் அப்பா நலம் என்றே எழுது. நீ சொன்னால் நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தப் பேச்சைப் பேசிவிட்டு அவன் பத்திரமாக மேடையை விட்டு இறங்க வேண்டும். அப்பா அதற்குத்தான் உள்ளே இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை



அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலிலேயே போடுகிறேன். இதில் எழுதப்போவது எதுவும், உனக்கு முன்னால் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாததில்லை.

அம்மா தம்பிக்கு எழுதிவிட்டாள். எனக்குத் தெரியாது. மாத்திரை திரும்பி வந்த அன்றே உட்கார்ந்து, அப்பா எங்கே இருக்கிறார், எதற்காக இருக்கிறார் என்று எல்லாவற்றையும் எழுதி, அவன் இருக்கும் பயிற்சிக்கே புதிதாகக் கிளம்பிய ஒரு பையனின் அம்மா மூலமாகக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நான் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன், அவள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாள். நீயும் அவளைக் கேட்காதே.

கூட்டத்தன்று நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. கூடத்தில் வானொலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, உள்ளே வரலாமா என்று கேட்காமல், படிக்கட்டிலேயே நின்றார். அப்பாவைக் கூட்டிப்போனதிலிருந்து அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மா அவருக்கும் டீ கொடுத்தாள். அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

தம்பியின் குரல் நிதானமாக இருந்தது. வீட்டில் பேசியதை அப்படியே பேசினான். கதவு எதுக்கு என்று கேட்டதும் கைதட்டல். கதவைச் சாத்துகிறவன் யார் என்றதும் இன்னும் பெரிய கைதட்டல், விசில். அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு, இத்தோடு இறங்கிவிடு, இறங்கிவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, வீட்டில் பேசுகிற குரலில், யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பது போலச் சொன்னான்:

“இப்ப நான் பேசினதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பலை. எங்க வீட்ல அதுதான் ஆட்டம். எங்கப்பாவும் அன்னைக்கு அதைத்தான் ஆடினார். அவரை விட்டுடுங்க.”

கைதட்டல் இல்லை. கொஞ்ச நேரம் வானொலி சும்மா இருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அம்மா அதைத் தட்டினாள். பிறகு பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. மாடி வீட்டுக்காரர் குடிக்காத டீயைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே போனார்.

நீ கிளம்பி வருவதாக எழுதியிருந்தாய். வராதே. டிக்கெட் எடுத்திருந்தாலும் வராதே. இங்கே நீ செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அங்கே இருக்கிறது. உன் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் என்ன தப்பாகப் பேசினாலும் பேச விடு. கத்தட்டும், உளறட்டும், உன்னையே திட்டட்டும். வெளியார் யாராவது வந்து உட்கார்ந்தால் மட்டும் முதலில் விதியைச் சொல்லிவிடச் சொல். பிள்ளைகள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: வெள்ளிக்கிழமை அப்பாவை விட்டார்கள். இடது காலில் புண் இருக்கிறது, நடக்க முடியவில்லை. தம்பி எங்கே இருக்கிறான் என்று செய்தித் துறை அலுவலகத்துக்குக் கேட்கப்போனோம். அந்தப் பெயரில் அவர்களிடம் யாரும் வேலை பார்க்கவில்லை என்று சொன்னார்கள்.