கவரிக்காரியின் ஓயாத கை

வளமை பெருகுக. முகில்கள் வழி தவறாது வருக.

பனிவரை நாட்டு மாதேவி பூஞ்சிலம்பு தேவியார், கணவாய்க்கோட்டைக் காவலர், வாளினும் சொல் தவறாத ஏனாதி வில்லவதரையருக்கு விடுக்கும் ஓலை. நும் கோட்டைக்கும் குடிகளுக்கும் குதிரைகளுக்கும் நலம் உண்டாகுக.

அமாவாசை கழிந்ததும் எல்லை கடத்துமாறு நும்மிடம் அனுப்பப்பட்ட, அரசருக்குச் சாமரம் வீசும் கவரிக்காரி வண்டார்குழலியைப் பற்றியது இது.

அரசர் அவையில் வீற்றிருக்கும்வரை கவரி நிற்கலாகாது, நின்றால் மலைமேல் வரும் முகிலும் நின்றுவிடும் என்பது இந்நாட்டு நம்பிக்கை. மழை பொய்த்தபின் அவை நீண்டது. அவளது வீச்சும் நீண்டது. மாற்று ஆள் கேட்க அவள் அஞ்சினாள். அவள் கை தளர்ந்ததால்தான் வானம் வறண்டது என்று சொல்லிவிடுவார்களே! கண் மூடினால் மேகங்கள் பசுக்களைப் போல வந்து அவள் தோளில் முகம் வைத்து நின்றன; ஒன்றையும் அவளால் ஓட்ட முடியவில்லை. மகளுக்குத் தலைவாரினால் சீப்பு வெறுங்காற்றை வாரியது. பசி நின்றது, சிரிப்பு நின்றது, கை மட்டும் நிற்கவில்லை.

விளக்கணி விழாவில், குலவிளக்கின்முன் கைகூப்பி நின்றவள் நின்றபடியே கண்ணயர்ந்தாள். வலக்கை தானே பிரிந்து வீசியது. விளக்கு அணைந்தது. அவையோர் அதைத் துரோகம் என்றனர். தேவியார் வினவியபோது, நிற்குமாறு கையிடம் கெஞ்சியதாகவும், அது தன் சொல்லைக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று என்றும் அவள் கூறினாள். அப்படியாயின் நாளைமுதல் தமது கையும் ஓலை எழுத மறுக்கும்போலும் என்று அமைச்சர் எள்ளினார்.

அவளை அனுப்பிய பின்னும் தேவியார் மனம் அமைதியுறவில்லை. தாமே கவரி ஏந்தி ஓர் அவை முழுதும் வீசினார். அன்றைய விருந்தில் அவர் கை தானே அசைந்து, பாயசம் அரசரின் பட்டாடையில் கொட்டியது. அரசர் நகைத்தார், அந்தக் கை இன்னும் ஆடுவதைக் கண்டு நகைப்பை விட்டார்.

ஆதலின் அரசர் ஆணை: வண்டார்குழலி குற்றமற்றவள். இனி ஒருத்தி களைக்குமுன் மற்றொருத்தி கவரி ஏற்பாள். எவரும் இல்லையேல் அரசர் வியர்வையோடே வீற்றிருப்பார். அவளைச் சிவிகையேற்றி மகளிடம் சேர்ப்பீராக. பணிக்குத் திரும்புவதும் திரும்பாததும் அவள் விருப்பம். வழியில் உறங்கினால் எழுப்பலாகாது. உறக்கத்தில் கை அசைந்தால், உடன்வரும் பெண் அதைத் தன் கையில் ஏந்தியிருக்கட்டும்.

கவரிகள் யாவும் சுவரில் தொங்க, இவ்வோலை எழுதப்பட்டது. சாளரத்துக்கு வெளியே, எவரும் வீசாமலே, ஒரு முகில் மலையேறிக்கொண்டிருக்கிறது.

வலக்கை இன்னும் ஓயாமையால், தேவியார் இடக்கையால் இட்ட முத்திரை இது.