வேலியில் உதிர்ந்த பனி

ஜனவரி 20, செவ்வாய்

மறை இருபத்திநாலு பாகை. பஸ் வரவில்லை. மெற்றோ வரைக்கும் நடை. மூக்குக்குள் மயிர் விறைக்கிற குளிர்.

ஆய்வுகூடத்தில் சில்விக்குப் பெருநாள். போன கிழமை மலையில் நான் பிடித்துக் கொடுத்த கண்ணாடித் தகடுகளை விட்டு எழும்பவே இல்லை. கலாநிதிப் பட்ட ஆய்வு அவளுக்கு, உதவியாளர் வேலை எனக்கு. லொறாந்திட் மலை உச்சிக் குடிலில் அவள் மைக்ரோஸ்கோப்போடு இருப்பாள். நான் வெளியே ஏணியில் ஏறி, மேல்தட்டில் நின்று, பசைநீர் பூசிய தகட்டைப் புயல் மேகத்துக்குள் நீட்ட வேண்டும். விழுகிற பனியின் அச்சு அதில் பதியும்.

"எவ்வளவு சின்னச் சின்னத் துண்டு! மேகம் தானாவே ஐஸைப் பெருக்குது, பார்!" அவள் பிரெஞ்சில் சொன்னதை நான் இப்படித்தான் எழுத முடியும்.

சிரித்து வைத்தேன். அந்தத் தகடு ஒன்றையும் நான் ஏணியில் ஏறிப் பிடிக்கவில்லை.

வாங்க: பால், தோடம்பழம், இஞ்சி, இவருக்குக் காலுறை.

ஜனவரி 22, வியாழன்

வெளியே வெயில். உள்ளே ஒன்றும் ஓடவில்லை. எழுதியாவது பார்ப்போம்.

மேகத்தில் இருக்கும் நீர்த்துளி பூச்சியத்துக்குக் கீழே போனாலும் உடனே உறையாது. உறைய ஒரு தூசி வேண்டும். தூசியில் ஒரு பொட்டு ஐஸ் பிறந்துவிட்டால், பக்கத்துத் துளிகள் ஆவியாகி ஆவியாகி அதற்குத் தீனி. குளிரின் அளவுக்கு ஒரு வடிவம்: தட்டு, ஊசி, நட்சத்திரம். துளிகள் வந்து மோதி ஒட்டினால் கரடுமுரடு. ஒட்டி உறையும்போது சில வேளை சிம்பு, சின்னச் சில்லு, தெறிக்கும். தெறித்த சிம்பும் வளர்ந்து இன்னொரு பனி. இருக்கிற தூசிக்கு இவ்வளவு பனி எங்கிருந்து வந்தது? சில்வியின் பதில் அந்தச் சிம்பு. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு மலையில் ஏணிப் படியெல்லாம் ஐஸ். எனக்கு இது இரண்டாம் மாதம். போன வருஷம் ஒன்று தங்கவில்லை. காலைத் தூக்கி வைக்க மனம் வரவில்லை. கீழே, கம்பி வேலியின் மறைவில் நின்று தகட்டை நீட்டினேன். வேலி முழுக்க உறைபனி, தாடி வளர்ந்த மாதிரி. காற்று அடிக்க அடிக்க அது பொடிந்து பறந்தது. அந்தப் பொடியைத்தான் அவள் சிம்பு என்கிறாள்.

ஏறுவதற்குப் பயம் என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் வயிற்றைச் சொல்ல வேண்டும். மன்னாரிலிருந்து அம்மா போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது: "மூண்டு மாதம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை பிள்ளை. போனமுறை ஊர் முழுக்கச் சொல்லித்தான் கண்பட்டது."

"மேலே சரியான காற்றோ?" என்று சில்வி கேட்டாள். தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. சின்ன விஷயம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். எடுபடவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

மப்பு வானம். பூசை. மாதா கோயில் வாசல் எல்லாம் ஐஸ் கரைக்கப் போட்ட உப்பு, சப்பாத்து நாசம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு, சுவாமியிடம் குற்றத்தைச் சொல்ல, வரிசையில் நின்றேன், பாதியில் விலகிவிட்டேன். சுவாமி மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்புவார். தகடு அப்படியே இருக்கும்.

காரில் இவர்: "என்ன, உம்மட முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"சத்தி வருது, குமட்டுது."

"டெப்பனர் கடையில இஞ்சிச் சோடா வாங்கட்டே?"

வாங்கியும் தந்தார். குடித்து முடிக்கும் முன்னே தகட்டுக் கதை எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டேன். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். பிறகு: "இன்னும் ஒரு மாதம் பொறுத்துச் சொல்லுமன். அதுக்கிடையில உலகம் அழிஞ்சு போகாது."

உலகம் அழியாது. வெள்ளிக்கிழமை சில்வி பேராசிரியரிடம் கட்டுரையைக் கொடுக்கிறாள், அது அச்சுக்குப் போகும். அவளுடைய நாலு வருஷத்தின் மேல் என் வேலித்தூள்.

ஜனவரி 28, புதன்

பொடிப் பனி. மதியம் சாப்பாடு இறங்கவில்லை, சத்தியால் அல்ல.

சில்வி சிம்புக் கணக்கின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, தன் அம்மாவோடு போனில் கதைத்தாள். "நாங்கள் பிடித்தோம்" என்றாள். நாங்களாம். என்னைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தாள். கழிவறைக்குப் போய் அழுதேன்.

ஜனவரி 29, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மைக்ரோஸ்கோப்பில் காட்டித்தான் தொடங்கினேன். "இதில வளர்ந்த விளிம்பு ஒண்டும் இல்லை, பார். உறைஞ்ச துளியள் கட்டியா ஒட்டினது. இது மேகத்துப் பனி இல்லை, வேலிப் பனி."

"நீ மேலேதானே நின்றாய்?"

"இல்லை. கீழே."

அவள் முகம் சிவந்தது. "ஏன்?"

பயம் என்று மட்டும் சொல்லித் தப்பியிருக்கலாம். கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போய்விட்டது. அவள் பார்த்தாள்.

கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன், வெட்கம் கெட்டவள் நான். அவள் செய்யவில்லை. "சொல்லியிருந்தால் நான் ஏறியிருப்பேனே" என்றாள். சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றி நாலாக மடித்தாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பெப்ரவரி 2, திங்கள்

மலையில் புயல். சில்வி தனியாகப் போயிருக்கிறாள். நான் வர வேண்டாமாம்.

பின்னேரம் குடிலிலிருந்து போன். மேல்தட்டில் நின்று பிடித்தாளாம். சுத்தமான நட்சத்திரங்கள். தேடிய சிம்பு கிட்டத்தட்ட இல்லையாம். அந்தக் கட்டுரை இனி இல்லை. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான்.

"ஏணி?" என்றேன்.

"ஒரு படியில் வழுக்கினேன். முழங்கால் கிழிந்துவிட்டது." கொஞ்சம் நிறுத்தி, "நீ ஏறாதது நல்லது" என்றாள். வைத்துவிட்டாள்.

நாலு நாளாக விட்டு விட்டு வந்த அழுகை அதற்குப் பிறகுதான் அடங்கியது. முகம் கழுவிக்கொண்டு நிற்க அம்மாவின் போன்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லையம்மா" என்றேன்.