கடலில் குளித்துப் பார்த்துச் சொல்கிறேன்

அன்பு அக்கா,

உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் இந்த மாமாவை நினைக்கிறார்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை; கப்பல் சாப்பாட்டில் கன்னம் உப்பிவிட்டது.

நடுக்கடலில் மிதக்கும் வானிலைக் கருவிகளில் ஒட்டிய பாசியைச் சுரண்டுவதுதான் என் வேலை. நான் சுரண்டாவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் மழைச் செய்தி கிடையாது என்று வைத்துக்கொள்.

போன வாரம் அப்படிச் சுரண்டும்போது வழுக்கிக் கடலில் விழுந்தேன். பயப்படாதே, இடுப்பில் கயிறு இருந்தது. இரண்டு சுறாக்கள் வந்து, என்னைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கிப் போயின. எங்கள் கப்பலில் இருக்கும் விஞ்ஞானி அம்மா மேலிருந்து, "அண்ணே, தண்ணி எப்படி இருக்கு?" என்று கத்தினார்.

"வெந்நீரா இருக்கும்மா! சோப்பைப் போடுங்க, குளிச்சிட்டே வரேன்!"

கப்பலே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இங்க இவ்வளவு சூடு இருக்கவே கூடாதுண்ணே. கடல் சூடானா காத்து சோர்ந்துடும். மேகம் கரைக்கு வராம இங்கயே கொட்டிடும். உங்க ஊர் மழை தள்ளித்தான் வரும்."

ஆகவே அத்தானிடம் சொல்: முதல் தூறலை நம்பி விதைக்க வேண்டாம். போன வருஷம் போல விதை கருகினால் குடும்பம் தாங்காது. நனைந்து வந்த உன் தம்பியே சாட்சி.

கெட்டியான துண்டு ஒன்று அனுப்பு. பழையது கடலோடு போயிற்று. பிள்ளைகள் சண்டை போடும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வை, கரைக்கு வந்ததும் கேட்கிறேன். தபால் படகு கிளம்புகிறது. மழை பிடித்த அன்றைக்கே எனக்குச் சொல்லிவிடு. இங்கிருந்து நான் அனுப்பிய மழை முழுசாக வந்து சேர்ந்ததா என்று தெரிய வேண்டாமா?

உன் தம்பி